புரோலாக்: காகம் பறக்குமா என்றால் ஆம், எது பறக்கும் என்றால் இல்லை!

கேள்வி:
காலேஜ் புராஜெக்டுக்குப் புரோலாக்கில் (உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துக் கேள்வி கேட்கும் நிரல்மொழி) சின்னதாக ஓர் அறிவுத்தளம் எழுதுகிறேன். எஸ்டபிள்யூஐ புரோலாக் தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கிறது (மாறிக்கு மட்டும் முன்னால் அடிக்கோடு போட வேண்டும், நமக்குத்தான் கேப்பிடல் எழுத்து கிடையாதே).

பறவை(காகம்).
பறவை(பென்குயின்).
பறக்காது(பென்குயின்).
பறக்கும்(_எது) :- \+ பறக்காது(_எது), பறவை(_எது).

?- பறக்கும்(காகம்). கேட்டால் ட்ரூ.
?- பறக்கும்(_எது). கேட்டால் ஃபால்ஸ். காகமாவது வர வேண்டாமா?

பதில்:
விதியில் (':-' என்றால் 'வலப்பக்கம் உண்மையானால்') பறவை(_எது) முதலில், மறுப்பு (\+) கடைசியில். மாத்திப் பாருங்க.

கேட்டவர்:
வந்துடுச்சு, நன்றி! ஆனா 'மற்றும்' (இங்கே காற்புள்ளி) போட்டால் இடம் மாறினாலும் ஒன்றுதான்னு லாஜிக் வகுப்பில் சொன்னாங்களே?

வேறொருவர்:
வகுப்பில் சொன்னது சரி. ஆனால் \+ லாஜிக்கில் வரும் 'அல்ல' இல்லை. "நிறுவப் பார்த்தேன், முடியவில்லை" என்பதுதான் அதன் பொருள். கணினி அறிஞர் கீத் கிளார்க் 1978-இல் இதற்கு முறையான விளக்கம் எழுதினார். புரோலாக் இடமிருந்து வலமாகப் போகிறது. உங்கள் பழைய விதியில் மறுப்புக்கு வரும்போது _எது காலியாக இருக்கிறது. அப்போது கேள்வியே "பறக்காதது ஏதாவது இருக்கிறதா?" என்று ஆகிவிடும். பென்குயின் அகப்பட்டதும் விதி தோற்றது, காகம் வரை போகவே இல்லை. காகத்தை நீங்களே கொடுத்தபோது தப்பித்தது. இதற்கு எச்சரிக்கைகூட வராது, அதுதான் எரிச்சல்.

மூன்றாமவர்:
பறவை(நெருப்புக்கோழி). மட்டும் சேர்த்துக் கேளுங்க, அதையும் பறக்க விட்டுவிடும்! தளத்தில் இல்லாதது பொய் என்று எடுப்பது மூடிய உலக அனுமானம். ரயில் அட்டவணைக்கு அது பொருந்தும். நோயாளியின் பதிவில் ஒவ்வாமை எழுதப்படவில்லை, ஆகவே இல்லை என்று முடிவெடுத்தால் ஆபத்து. அறிவுத்தளங்களுக்கான இன்னொரு மொழியான ஆவுல் (OWL) எழுதாததைத் தெரியாதது என்றே வைக்கும்.

கேட்டவர்:
அப்போ ஆவுலுக்கு மாறணுமா?

மூன்றாமவர்:
இதுக்கு வேண்டாம். அங்கே 'எல்லாப் பறவையும் பறக்கும்' என்று எழுதி, பென்குயினும் பறவை, அது பறக்காது என்றால் முரண்பாடு என்று நின்றுவிடும். 'பொதுவாகப் பறக்கும்' என்பதைச் சொல்லத்தான் ரேமண்ட் ரைட்டர் 1980-இல் இயல்புநிலைத் தர்க்கத்தை முன்வைத்தார். உங்க அளவுக்கு \+ போதும். பறக்காது பட்டியலை மட்டும் முழுசா எழுதுங்க, ஈமு, கிவி உட்பட.