பாமணியாத்துக் கரை சொந்தங்கள்

சித்தப்பா: (ஃபார்வர்டு) டெல்டாவைக் காத்த ஒரே தலைவர்!! 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தந்த எடப்பாடியார்!! உண்மையான விவசாயி மகன் என்றால் 10 குரூப்புக்கு ஷேர் செய்!!

மன்னார்குடி மாமா: காலங்காத்தாலயேவா மச்சான். அதே 2020ல டெல்லி கொண்டாந்த மூணு வேளாண் சட்டத்த ஆதரிச்சது யாரு, அதையும் சேத்து போஸ்டர் அடிக்க சொல்லுங்க

சித்தப்பா: 2011 ஜனவரில டெல்டால மீத்தேன் எடுக்க கையெழுத்து போட்டது யாரு ஆட்சி

மன்னார்குடி மாமா: அது ஆய்வுக்கு மட்டும்தான். டிவில சொன்னதையே இங்க வந்து ஒப்பிக்காதீங்க

சித்தப்பா: நீங்க எந்த டிவி பாக்குறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்

சித்தி: நடவுக்கு ஆள் இருந்தா யாராச்சும் நம்பர் அனுப்புங்க, இங்க ஒருத்தரும் கெடைக்கல

மன்னார்குடி மாமா: 2023ல நெலக்கரிக்காரன ஓட வுட்டது எங்க ஆட்சி மச்சான். அப்ப சிஎம் ஸ்டாலின் பிரதமருக்கு லெட்டர் போட்டாரு, அதே வாரம் டெல்டா நெலக்கரி எடங்கள டெல்லி ஏலத்துலேர்ந்து தூக்கிட்டாங்க. இது வரலாறு

சென்னை தம்பி: மாமா எங்க ஆபீஸ் குரூப்ல அத அண்ணாமலை நிறுத்துனாருன்னு ஓடிச்சு, அவரும் லெட்டர் எழுதிருக்காரு

வடசேரி அத்தை: நானும் ஒன்னு சொல்லவா. அந்த ஏல லிஸ்ட்ல இருந்த மூணு எடம் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு. எங்க ஊரு பேரு வந்துச்சேன்னு அந்த வாரம் பூரா எனக்கு தூக்கம் கெடையாது, ஒரு பேப்பர் வுடாம படிச்சேன். மன்னார்குடி தம்பி, அந்த லெட்டர்ல உங்க சிஎம் என்ன காரணம் காட்டுனாருன்னு தெரியுமா?

மன்னார்குடி மாமா: டெல்டா விவசாயம் அழிஞ்சிடும்னு

வடசேரி அத்தை: அதோட, வடசேரியும் கிழக்கு சேத்தியாத்தோப்பும் 2020 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அங்க நெலக்கரி எடுக்கக் கூடாதுன்னு எழுதினாரு. எடப்பாடி போட்ட சட்டத்த எடுத்து ஸ்டாலின் வாதாடுனாரு, சட்டசபையில பாஜக உட்பட எல்லாக் கட்சியும் எதிர்த்துச்சு, அப்பறம்தான் டெல்லி கையெடுத்துச்சு. இத யாராச்சும் எந்த குரூப்லயாச்சும் போஸ்டரா பாத்தீங்களா, பாத்துருக்க மாட்டீங்க, ஏன்னா இத ஃபார்வர்டு பண்ணி ரெண்டு கட்சிக்கும் லாபம் இல்ல

சித்தப்பா: பாத்தீங்களா மச்சான், எங்க சட்டம்தான் காப்பாத்துச்சு. அக்காவே சொல்லிட்டாங்க

வடசேரி அத்தை: டேய் முழுசா கேளு. உன் சட்டத்துல திருச்சி, அரியலூர், கரூர் கெடையாது. மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டம், உன் வேலிக்கு வெளிய. அதுக்கு முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்த எண்ணெய்க் கெணத்தையும் அந்த சட்டம் தொடாது. "டெல்டாவைக் காத்த"ன்னு போட்டவன் அந்த சட்டத்த ஒரு தடவ பிரிச்சிருப்பானா

சித்தப்பா: அக்கா நீங்க இப்ப எந்தப் பக்கம்? நடுநிலைன்னு சொல்றவங்கள்லாம் கடைசில அந்தப் பக்கம்தான் நிப்பாங்க

வடசேரி அத்தை: நடுநிலைன்னு நான் எப்ப சொன்னேன். என் ஓட்டு இத்தன வருஷமா ஒரே கட்சிக்குத்தான், எதுக்குன்னு சொல்ல மாட்டேன், உங்க மாமாவுக்கே தெரியாது. ஓட்டு போட்டேங்கிறதுக்காக அவங்க பேசுற பொய்யெல்லாம் நான் ஏன்டா தூக்கி சொமக்கணும். எனக்கு ஒரு பழக்கம், போஸ்டர் வந்தா கட்சிப் பேர மட்டும் மாத்திப் போட்டு படிச்சுப் பாப்பேன். மீத்தேன் கையெழுத்த உன் கட்சி போட்டிருந்தா "ஆய்வுக்கு மட்டும்தான்"னு சொன்னா நீ ஒத்துப்பியா? வேளாண் சட்டத்த மன்னார்குடி தம்பி கட்சி ஆதரிச்சிருந்தா அவரு என்ன சொல்லிருப்பாரு? "கூட்டணி தர்மம்"னு ஏதாவது

சென்னை தம்பி: ஹாஹா மாமா டைப்பிங்... டைப்பிங்... ஒன்னும் வர மாட்டேங்குது

மன்னார்குடி மாமா: யோசிக்கிறேன்டா. அக்கா அந்த லெட்டர் விஷயம் எங்க ஆளுங்க ஒருத்தனும் சொல்லல, எங்க ஒன்றிய குரூப்ல 200 பேரு இருக்கோம்

வடசேரி அத்தை: 200 பேரும் ஒரே பேப்பர் படிச்சா எப்புடி தெரியும். போட்டுப் பாருங்க

சித்தி: ஆளு கெடைச்சிட்டாங்க, நாளைக்கு காலைல வர்றாங்க. தண்ணி மொற நமக்கு எப்ப வருது

மன்னார்குடி மாமா: போட்டேன். "2023 லெட்டர்ல 2020 சட்டத்த சொல்லித்தான் கேட்டோம், அதையும் ஒத்துக்கணும்"னு நாகரிகமாத்தான் போட்டேன். ஒருத்தன் நீங்க எப்ப அந்தப் பக்கம் போனீங்கங்கிறான், இன்னொருத்தன் எவ்ளோ வாங்குனீங்கங்கிறான். அட்மின் டெலீட் பண்ணிட்டான், என் சகலைதான் அட்மின்

சித்தப்பா: ஹாஹாஹா அதான் உங்க கட்சி ஜனநாயகம்

வடசேரி அத்தை: சிரிச்சது போதும். அரியலூர், கரூர் விட்டுப்போச்சுன்னு உன் குரூப்ல நீ போட்டியா?

சித்தப்பா: கரண்ட் இல்லக்கா, சார்ஜ் கம்மியா இருக்கு

மன்னார்குடி மாமா: ஏற்கெனவே 10 குரூப்புக்கு ஷேர் பண்ண மட்டும் சார்ஜ் இருந்துச்சா மச்சான்