குளிரில் சொக்லேட்டுக்குப் புள்ளி போட்ட கதை: உங்கள் பக்கம் எப்படி?

நானுஓயா டீச்சர்

டிசம்பர் லீவில் வீட்டில் ஐந்து பேர் சும்மா இருந்தோம். வெளியில் விடாத தூறல். தம்பி கொழும்பிலிருந்து வரும்போது ஒரு பை நிறைய சொக்லேட் கொண்டுவந்திருந்தான்: கண்டோஸ், ரிட்ஸ்பரி, எட்னா, ரெவெல்லோ, அப்புறம் அவனுடைய கூட்டாளி துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கலக்ஸியும் டொப்லரோனும். கூடவே இங்கே டவுன் கடையில் வாங்கிய ஒரு மலிவுப் பார், பெயர் வேண்டாம். எது நல்லது என்று வாய்ச்சண்டை வந்துவிட்டது. சரி, பரீட்சை வைத்துவிடலாம் என்றேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் வேறு என்ன சொல்வேன்?

உறைகளைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி, சில்வர் தட்டில் வைத்து, அடியில் இலக்கம் எழுதிய கடதாசித் துண்டு. டொப்லரோனை மட்டும் மறைக்க முடியவில்லை. முக்கோணத்தைச் சதுரமாக வெட்டினாலும் உள்ளே இருக்கிற தேனும் பாதாமும் சேர்ந்த துணுக்குகள் காட்டிக்கொடுத்துவிட்டன. ஐந்து விஷயங்களுக்குத் தலா பத்துப் புள்ளி: உடைகிற சத்தம், மணம், நாக்கில் கரைவது, இனிப்பு, விழுங்கிய பிறகு நிற்கிற ருசி.

முதல் சுற்று படுதோல்வி. எல்லாம் 'டக்'கென்று அழகாக உடைந்தன, அதில் குறையில்லை. வாயில் போட்டால் மெழுகுதிரி. எதற்கும் எதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மலிவுப் பாருக்கும் கலக்ஸிக்கும் ஒரே புள்ளியைப் போட்டுவிட்டு அம்மா, "ரெண்டும் சவுக்காரம்" என்றார்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பள்ளிக்கூடத்து வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். குசினியில் 15 பாகை. கொக்கோ வெண்ணெய் நன்றாக உருகுவது 34 பாகை அளவில். கொழும்பில் 30 பாகையில் கிடக்கிற பார் வாய்க்குள் போய் நாலு பாகை ஏறினால் போதும், கரைந்துவிடும். இங்கே அது பத்தொன்பது பாகை ஏற வேண்டும். அதுவரை யாருக்குப் பொறுமை? கடித்து விழுங்கிவிடுகிறோம். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பும் மங்கலாகத்தான் தெரியும், மணமும் எழும்பாது.

இரண்டாம் சுற்றுக்குத் தட்டை அடுப்புத் திண்ணையில் அரை மணித்தியாலம் வைத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் சீனி போடாத சூடான பிளேன்டீ ஒரு மிடறு. துண்டைக் கடிக்கக் கூடாது, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். புள்ளிகள் அப்படியே மாறின. 50க்கு கலக்ஸி 41, ரெவெல்லோ 38, கண்டோஸ் 37, ரிட்ஸ்பரியும் எட்னாவும் அதை ஒட்டியே. டொப்லரோன் பல்லில் ஒட்டியதால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு 33. மலிவுப் பார் 19. இனிப்பு போன பிறகும் அண்ணத்தில் ஒரு கொழுப்புப் படலம் நின்றது, பிளேன்டீ குடித்தும் போகவில்லை. உறையின் பின்பக்கம் பார்த்தால் கொக்கோ வெண்ணெய் என்ற சொல்லே இல்லை, எல்லாம் தாவரக் கொழுப்பு. பால் சொக்லேட்டில் 25 சதவீதமாவது கொக்கோ இருக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். இந்தப் பாரும் தன்னை எங்கேயும் 'சொக்லேட்' என்று தனியாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்த்தே எழுதியிருந்தது. உறையை வாசிக்காமல் வாங்கியது என் பிழை.

உங்கள் ஊரில் எப்படி? தின்று பார்த்ததைச் சொல்லுங்கள்.

பதுளை வேன்காரர்

டீச்சர், எனக்கு நடந்தது வேறு கதை. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றை எல்லவிலிருந்து நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். இறங்கும்போது பெரிய பார் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வேனின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துவிட்டேன். பகல் முழுக்க வெயில். ராத்திரி நுவரெலியாவில் வேனிலேயே படுக்கை, பல் கிட்டிப்போகிற குளிர். மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் பார் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை. "பூஞ்சணம் பிடித்ததையா பிள்ளைக்குக் கொண்டுவந்தீங்க?" என்று வீட்டுக்காரி வெளியே வீசிவிட்டாள். பிள்ளை ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அது உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்ததா?

நானுஓயா டீச்சர்

இல்லை அண்ணன், தின்றிருக்கலாம். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதத்துக்குத்தான் பளபளப்பும் 'டக்' சத்தமும் உண்டு, கம்பனியில் சூட்டை ஏற்றி இறக்கி அந்த விதத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்கள் வேனில் உருகி, தன்பாட்டில் மறுபடி உறைந்ததில் அந்த ஒழுங்கு குலைந்து, கொழுப்பு மேலே வந்து பூத்துவிட்டது. விரலால் தேய்த்தால் உருகி மறைகிறதா, அது கொழுப்பு. சொரசொரவென்று அப்படியே நிற்கிறதா, அது ஈரம் பட்டுக் கரைந்து காய்ந்த சீனி, பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது வருவது. இரண்டிலும் விஷமில்லை, ருசிதான் கொஞ்சம் மட்டம். பிள்ளைக்கு இன்னொரு பார் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாத்தளை கொக்கோக்காரன்

நீங்கள் பாரிலிருந்து தொடங்கினீர்கள், நான் மரத்திலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகு, கமுகு, பலா நிழலில் ஏழெட்டுக் கொக்கோ மரம் நிற்கிறது. நானுஓயாக் குளிரில் நட்டால் இது பிழைக்காது, கொஞ்சம் சூடு வேண்டிய மரம். 1869இல் வந்த இலைத்துரு நோயில் கோப்பி அழிந்துகொண்டு போனபோது, துரைமார் மேலே தேயிலையையும் கீழே மாத்தளை, கண்டிப் பக்கங்களில் கொக்கோவையும் போட்டார்கள்.

காய் கிளை நுனியில் வராது, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். முதன்முதல் பார்க்கிறவர்கள் யாரோ கட்டித் தொங்கவிட்டதாக நினைப்பார்கள். உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதை முப்பது, நாற்பது. சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் மிட்டாய். சதையை உறிஞ்சிவிட்டு விதையைத் துப்புவோம். புளிப்பும் இனிப்புமாக மங்குஸ்தானுக்குக் கிட்ட வரும். சொக்லேட் ருசி மருந்துக்கும் இருக்காது. விதையைக் கடித்தால் கசப்பில் வாய் இழுத்துக்கொள்ளும். அணிலும் குரங்கும் எங்கள் கட்சிதான்.

போன வருஷம் நானே ஒரு பார் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். அயல் வீட்டுக் காய்களையும் சேர்த்து ஒரு நூறு. விதையைச் சதையோடு மரப்பெட்டியில் போட்டு, வாழையிலையால் மூடி, சாக்கால் போர்த்தி ஆறு நாள். இரண்டாம் நாள் கள்ளு வாடை. நாலாம் நாள் வினாகிரி. கையை உள்ளே விட்டால் சுட்டது. அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் விதை செத்து, சொக்லேட் ருசிக்கான கரு உள்ளே பிடிக்கும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு வறுத்தாலும் அந்த மணம் வராது. அப்புறம் ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, சட்டியில் வறுத்து, தோலை நொறுக்கிச் சுளகில் புடைத்தெடுத்தேன். வறுக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கேக்கா போடுறீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே செய்யலாம்.

மிக்ஸியில் அரைக்க அரைக்க எண்ணெய் விட்டு, பளபளவென்று குழம்பாக வந்தது. தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை, கொக்கோவில் பாதிக்குப் பாதி அதன் வெண்ணெய்தான். அங்கே நிறுத்தியிருக்கலாம். நம்ம ஊர்ச் சொக்லேட் என்றால் கித்துள் கருப்பட்டி போட வேண்டாமா என்று ஒரு வீறாப்பு. தட்டிப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் மொத்தமும் ஈரமண் மாதிரி உருண்டுவிட்டது. கருப்பட்டியில் இருக்கிற கொஞ்ச ஈரமே போதும், சொக்லேட் இறுகிப்போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில், "களியா கிண்டினீங்க?" என்று கேட்டாள்.

இரண்டாம் தரம் பொடித்த சீனி போட்டேன். பார் வந்தது, ஆனால் நாக்கில் மணல். 1879இல் சுவிட்சர்லாந்தில் ரொடோல்ஃப் லிண்ட் என்பவர் சொக்லேட்டை மணிக்கணக்காக உரசிப் பிசைகிற இயந்திரத்தைக் கண்டுபிடித்தார், கடைப் பாரின் வழவழப்பு அங்கிருந்து வந்தது. என் மிக்ஸி இருபது நிமிடத்தில் சூடேறி நின்றுவிட்டது. டீச்சர் கணக்கில் போட்டால் கரைவதற்கு 2, மணத்துக்கு 9. மற்றதைக் கேட்காதீர்கள்.

ஹட்டன் பிள்ளை

எனக்குப் புள்ளியெல்லாம் போடத் தெரியாது டீச்சர். எனக்கு ஏழு வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து வந்தபோது பெட்டியில் போர்வை, சென்ட் போத்தல், கலக்ஸி பார் மூன்று. ஒன்று ஸ்டோரில் வேலை செய்கிற மாமாவுக்கு, ஒன்று கோயிலுக்கு (ஏன் கோயிலுக்கு என்று இன்றைக்கும் தெரியாது), மிச்சம் ஒன்றுதான் லயத்துக்கே. அப்பாயி அதைப் பாக்குவெட்டியால் பதினான்கு துண்டாக வெட்டினார். எனக்குக் கிடைத்தது விரல் நகம் அளவு. லேசாகப் பாக்கு வாடையும் அடித்தது.

நான் கடிக்கவில்லை. அண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொல்கிற அந்தக் கரைய விடுகிற வித்தை எங்கள் லயத்தில் அப்போதே எல்லாருக்கும் தெரியும், துண்டு அவ்வளவுதான் என்றால் வேறு எப்படித் தின்பது? உள்ளே இருந்த மினுமினுப்புத் தாளை நகத்தால் நீவி நீவிச் சுருக்கமெடுத்து சமயப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். தேவாரம் படிக்கும்போதெல்லாம் மணத்தது.

இப்போது கொழும்பில் கடையொன்றில் வேலை. முதல் சம்பளத்தில் அதே பாரை வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் முழுதாகத் தின்றேன். பாதிக்கு மேல் திகட்டிவிட்டது. 50க்கு 30 கொடுக்கலாம். அந்த நகத்துண்டுக்குப் போடப்போனால் உங்கள் அட்டவணை கெட்டுவிடும், விடுங்கள்.

பண்டாரவளை வீட்டுக்காரி

அமெரிக்காவிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த பாரை எங்கள் வீட்டில் யாராலும் தின்ன முடியவில்லை. வாயில் வைத்ததும் பச்சைப்பிள்ளை கக்கின வாடை. காலாவதியும் ஆகவில்லை. அவரோ சின்ன வயதிலிருந்தே அதையே தின்கிறாராம், "இதுதானே சொக்லேட் மணம்" என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நானுஓயா டீச்சர்

பியூட்ரிக் அமிலம் அக்கா. பால் கொழுப்பு உடையும்போது வருவது, சில பாலாடைக்கட்டிகளிலும் இருக்கும், நீங்கள் சொன்ன அந்தக் கக்கலிலும் இருக்கும். உங்கள் மூக்கில் பிழையில்லை.

குண்டசாலைத் தாத்தா

பிள்ளைகளே, நான் பள்ளிக்கூடம் போனது 1970க்கும் 77க்கும் நடுவில். வெளிநாட்டுச் சாமான் கண்ணில் காணக் கிடைக்காது, பாணுக்கே வரிசை. எங்களுக்குச் சொக்லேட் என்றால் கண்டோஸ்தான், எங்கள் குண்டசாலையிலேயே செய்வது. அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை, பரீட்சையில் பாஸானால். கண்டோஸ் முதலாளி உபாலி விஜேவர்தன 1983 பெப்ரவரியில் மலேசியாவிலிருந்து திரும்பும்போது விமானத்தோடு காணாமற்போனார். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் தேத்தண்ணிக் கடையில் பெரியவர்கள் அரசியல் பேசினார்கள், எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: இனிமேல் கண்டோஸ் வருமா? வந்தது. இன்றைக்கும் வருகிறது.

2022 ஆகஸ்டில் டொலர் இல்லையென்று வெளிநாட்டுச் சொக்லேட்டை நிறுத்தினபோது பேரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆகையால் என் புள்ளி பக்கச்சார்பானது, ஒத்துக்கொள்கிறேன். கண்டோஸ் பத்துக்குப் பத்து. குளிரோ வெயிலோ, மறுபேச்சு வேண்டாம்.

நானுஓயா டீச்சர்

போன சனிக்கிழமை பதுளையில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அம்மாவையும் கூட்டிப்போனேன். துபாய்ப் பார்கள் தீர்ந்துவிட்டதால் மிச்ச ஐந்தையும் புதிதாக வாங்கிக்கொண்டு போய் அதே சில்வர் தட்டு, அதே இலக்கத் துண்டு. வீட்டுக்குள் 28 பாகை. இங்கே பத்துக்கு ஒன்பது வாங்கின 'டக்' சத்தம் அங்கே பாதியாகக் குறைந்துவிட்டது, துண்டுகள் உடையாமல் வளைந்தன. கரைவதில் எல்லாம் ஏறிவிட்டன. அடுப்பும் தேவைப்படவில்லை.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று. பத்து நிமிடத்தில் நாலு பாரும் விரலில் ஒட்ட ஆரம்பித்தன, மலிவுப் பார் மட்டும் ஓரம் மழுங்காமல் தட்டில் நிமிர்ந்து நின்றது. தாவரக் கொழுப்பின் வேலை. கடைக்காரர்கள் ஏன் அதையே பெட்டி பெட்டியாக எடுத்துப்போடுகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது, வெயில் பட்டாலும் அவர்களுக்குச் சேதமில்லை. புள்ளி என்னவோ 21தான்.

அம்மா இந்த முறை சவுக்காரம் என்று சொல்லவில்லை. இலக்கம் 3ஐ வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். துண்டைத் திருப்பிப் பார்த்தோம், கண்டோஸ். "அந்தக் குண்டசாலை ஐயாவுக்குச் சொல்லு," என்றார், "ஒன்பது."