லோத்தோங் குரங்கு வருதுன்னு மரத்தை வெட்டலாமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன பேசுவது?

மூணாம்மாடி (தஞ்சோங் பூங்கா, பினாங்கு) கேட்டது:

வணக்கம். நாங்க இருப்பது மலையடிவாரத்து அடுக்குமாடி. பின்வேலியை ஒட்டி கெத்தாப்பாங், பலா, மாமரம் எல்லாம் வரிசையா நிற்குது. காலையில கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் கூட்டம் அந்த வழியா வரும். இப்ப ஒரு தாய், ஆரஞ்சு நிறக் குட்டியை வயித்துல ஒட்டிக்கிட்டு மின்கம்பி மேலேயே நடந்து வருது. பார்க்கவே பயமா இருக்கு.

என் மாமியார் சமையலறை ஜன்னல்ல வாழைப்பழமும் ரொட்டியும் வைக்கிறாங்க. "வாசல் தேடி வர்ற அனுமாரை வெறுங்கையோட அனுப்பலாமா"ன்னு கேட்கிறாங்க. கீழே கார் வச்சிருக்கிறவங்களுக்கோ எச்சம் விழுதுன்னு கோபம். நிர்வாகக் குழு வேலியோர மரங்களை மொத்தமா வெட்டிடலாம்னு முடிவு பண்ணப் போகுது. நான் வாயைத் திறந்தா "பாவம் பார்க்கிற பேச்சு"ன்னு தள்ளிடுவாங்க. ஆதாரத்தோட பேசணும். யாராவது சொல்லுங்க.

ஆயர்ஈத்தாம் கடைக்காரர்:

பிளாஸ்டிக் பாம்பு வாங்கிக் கட்டுங்க. எங்க கடைப் பக்கம் கேரா குரங்குத் தொல்லைக்கு அதான் கட்டினோம். கொஞ்ச நாள் வரவே இல்லை. இப்ப மறுபடி வருது, உண்மையைச் சொல்லணும்ல.

இலைக்கொழுந்து:

தங்கச்சி, நான் இந்தத் தீவில் ஒரு விலங்கு மருத்துவரிடம் உதவியாளரா வேலை பார்க்கிறேன். லீவு நாளில் லோத்தோங் கூட்டங்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கிறவர்களோடு போவேன். இந்த விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் வாழைப்பழம். லோத்தோங் இலை தின்னும் குரங்கு. அதன் வயிறு மாட்டு வயிறு போல அறை அறையாகப் பிரிந்தது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. அங்கே ரொட்டியும் கனிந்த பழமும் போனால் புளிப்பு வேகமாக ஏறும், அமிலம் கூடும், வாயு அடைக்கும். எங்களிடம் வந்த ஒரு பெண் லோத்தோங்கை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். விலாவுக்குக் கீழே விரல் அழுந்தவே இல்லை, அவ்வளவு இறுக்கம். அது என் சட்டைக் கையை நாலு விரலாலும் பற்றிக்கொண்டு, பல்லை மட்டும் அரைத்துக்கொண்டே இருந்தது. பாசத்தோடு கொடுத்த ரொட்டிதான் காரணம். மாமியார் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இலை தின்னாத குரங்குகளுக்கே கடைப் பழம் ஒத்துவராது. 2014இல் இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக் காட்சிச்சாலை தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்திவிட்டுக் கீரை, காய்கறிகளைக் கூட்டியது. மனிதருக்காக வளர்த்த பழத்தில் காட்டுப் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம், நாரும் புரதமும் குறைவு என்பதுதான் காரணம்.

இனி மரம். மரத்தை வெட்டினால் லோத்தோங் போய்விடும் என்று குழு நினைக்கிறது. போகாது. கிளை வழி இல்லாவிட்டால் கம்பி, கூரை, சாலை என்று வரும். ஏற்கெனவே கம்பியில் நடக்கிறது என்கிறீர்களே, எந்த இடத்தில் கிளை விட்டுப்போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கார் நிறுத்துமிடத்துக்கு மேலே நீளும் கிளைகளை மட்டும் கழித்தால் எச்சப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். மரத்துக்கு மரம் கிளை தொடுவதை விட்டுவையுங்கள். அந்தக் கம்பிக்கு உறை போடச் சொல்லி மின்சார நிறுவனமான தெனாகாவுக்குக் குழுவின் பெயரிலேயே கடிதம் எழுதுங்கள்.

இதே தீவில் தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். கட்டியதோடு கைதட்டிவிட்டுப் போகவில்லை. கேமரா வைத்து யார் கடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அணில், கேரா, லோத்தோங் எல்லாம் கடந்தன. எனக்குப் பாலத்தைவிட அந்தக் கேமராதான் பெரிது.

ஏனென்றால் 2020இல் வந்த ஓர் ஆய்வு குரங்கினங்களைப் பற்றிய சுமார் 13,000 கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தது. எடுத்த பாதுகாப்பு நடவடிக்கை பலித்ததா என்று சோதித்தவை வெறும் 80. கடைக்காரர் அண்ணனின் பாம்பும் அப்படித்தான், முதலில் பலித்தது போலத் தெரியும். அவர் தொடர்ந்து பார்த்ததால்தான் பலிக்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: வெட்டுவதை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். முதல் மாதம் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை, எந்த மரம், கம்பியில் ஏறினவா, எத்தனை காரில் எச்சம். பிறகு தீனி போடுவதை மட்டும் நிறுத்தி அடுத்த மாதமும் எழுதுங்கள். கிளை கழிப்பது அதற்கப்புறம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று, லோத்தோங் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் (IUCN) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. பேச்சின் நடுவில் சொல்லுங்கள், முதலிலேயே சட்டத்தைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் காது மூடிவிடும்.

மூணாம்மாடி:

ரொம்ப நன்றிக்கா. கூட்டத்தைச் சமாளிச்சிடுவேன். மாமியார்தான் கஷ்டம்.

பாட்டி_புக்கிட்:

நானும் ஒரு மாமியார்தாம்மா. தடுத்தா கேட்க மாட்டோம். பழத்தை வீட்டு அனுமார் படத்துக்குப் படைச்சு, பிரசாதமா நீங்களே சாப்பிடுங்க. நோட்டை அவங்க கையில கொடுத்திடு. ஜன்னல்ல நிக்கிறது அவங்கதானே, அவங்களைவிட நல்லா யாரு பார்த்து எழுதப் போறா?

இலைக்கொழுந்து:

பாட்டி சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். குட்டியைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. கம்பியிலிருந்து விழுந்தால் பசும்பால் கொடுக்காதீர்கள், யாரையும் தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள். ஒரு துண்டைப் பற்றிக்கொள்ளக் கொடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துவிட்டு உடனே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். பெட்டி அந்த மரத்தடியிலேயே இருக்கட்டும், நாயை மட்டும் கட்டி வையுங்கள். லோத்தோங் கூட்டத்தில் மற்ற பெண்களும் குட்டியைத் தூக்கி வளர்க்கும், அதனால் தாய் இல்லாவிட்டாலும் கூட்டம் அருகில் இருக்கிறதா என்று பார்த்து அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.