மறு: மறு: ‘குழாம் வலு’ – இரண்டு சீசன்களை ஒப்பிட ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர் பலத்தை சீசனுக்கு சீசன் ஒப்பிடத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. அணிபலம், ஆள்பலம், படைபலம், வீரர் வளம், பட்டியல் வலிமை என்று இதுவரை வந்தவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் பெயரை மட்டும் அலசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. ஒரு கால்பந்துக் கழகம் சென்ற சீசனில் வைத்திருந்த ஆட்டக்காரர்களை ஒரு தட்டிலும் இந்த சீசனில் வைத்திருப்பவர்களை மறு தட்டிலும் வைத்தால் எந்தத் தட்டு தாழும்? இதைச் சொல்லத்தான் சொல் வேண்டும். புள்ளிப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பது வேறு சங்கதி.

> அணிபலம் என்றாலே எல்லாருக்கும் புரியுமே. புதிதாக ஒன்று எதற்கு?

ஆளுக்கு ஒன்றாகப் புரியும் என்பதுதான் சிக்கல். ‘அணி’யை நாம் மூன்று பொருளில் புழங்குகிறோம். கழகமும் அணி, ஒப்பந்தத்தில் இருக்கும் அத்தனை பேரும் அணி, விசில் ஊதும்போது களத்தில் நிற்கும் பதினொருவரும் அணி. “செல்சி அணி இந்த வருடம் பலவீனம்” என்று ஒருவர் எழுதினால் நல்ல ஆட்களை விற்றுவிட்டார்கள் என்றும் கொள்ளலாம், இருக்கிறவர்கள் சரியாக ஆடவில்லை என்றும் கொள்ளலாம்.

லண்டன் கழகமான செல்சியையே எடுத்துக்கொள்வோம். 2014-15இல் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக் பட்டம், 87 புள்ளிகள். அடுத்த சீசனில் 50 புள்ளிகளோடு பத்தாம் இடம். அதற்கடுத்த 2016-17இல் 93 புள்ளிகள், மறுபடி பட்டம். இந்த மூன்று சீசன்களிலும் அசார், டியேகோ கோஸ்டா, கோர்ட்வா, மாட்டிச் என்று முதுகெலும்பு அப்படியே இருந்தது. புள்ளியை வைத்துப் பலத்தை அளந்தால் நடு வருடத்தில் அந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் ஆட்டத்தை மறந்துவிட்டு அடுத்த வருடம் ஞாபகம் வந்து ஆடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நடந்தது அதுவல்ல. பயிற்சியாளர் மூரின்யோ 2015 டிசம்பரிலேயே போனார், 2016 கோடையில் பயிற்சியாளராகக் கோன்டே வந்தார், ஆட்ட அமைப்பே மாறியது. ஆட்களும் ஓரளவு மாறினார்கள்தான். ஆனால் 50க்கும் 93க்கும் இடையிலுள்ள அவ்வளவு பெரிய இடைவெளியை ஆள் மாற்றம் மட்டுமே நிரப்பிவிடாது.

ஆகவே சொல்லுக்குள் விளைவு நுழையக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை. பட்டியலுக்குத்தான் பெயர் வைக்கிறோம்.

இரண்டாவது, ‘அணி’யிலிருந்து பட்டியலைப் பிரிக்க வேண்டும். இதற்கு நாம் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். இலங்கைப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் ‘குழாம்’ வெகுகாலமாக இருக்கிறது. ‘தொடருக்கான குழாம் அறிவிப்பு’ என்று தலைப்பு வந்தால் தேர்வானவர்களின் முழுப் பட்டியல் என்று அர்த்தம். களமிறங்குபவர்கள் வேறு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இரண்டுக்கும் அணி என்றே எழுதிவிட்டு, இடிக்கும்போது மட்டும் ‘ஆடும் லெவன்’ என்று சமாளிக்கின்றன. பிரீமியர் லீக் விதிப்படி 21 வயதைத் தாண்டியவர்களில் அதிகபட்சம் 25 பேரைப் பதிவு செய்யலாம், அதில் உள்நாட்டில் வளர்ந்தவர் அல்லாதவர் 17 பேருக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பட்டியலும், அதற்கு வெளியே பதிவு தேவைப்படாத இளையவர்களும் சேர்ந்தது குழாம். களத்தில் இறங்குவது அணி. இந்தப் பிரிவினை ஒன்று கிடைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

> பலம் வடசொல். குறள் இருக்கிறது, வலி என்றே வைக்கலாம்.

அந்தக் குறளை (471) நானும் நினைத்தேன்: வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல். ‘தூக்கி’ என்றால் எடைபோட்டு. நமக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு ‘லிவர்பூலின் குழாம் வலி கூடியிருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். எத்தனை பேருக்கு முட்டி பெயர்ந்தது என்றுதான் வாசகர் கேட்பார். வலிமை என்றால் நீளம். வலு கச்சிதம்: வலுவான, வலுவிழந்த, வலுக்கூடிய, வலுக்குறைந்த என்று எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும். விமர்சகர் வாயிலும் நுழையும்.

ஆனால் அந்தக் குறளிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதல் பதினொருவருக்குப் பின்னால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை ‘குழாமின் ஆழம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆழம் கிணற்றுக்குச் சரி. ‘துணைவலு’ என்று வைத்தால் கேட்டதும் விளங்குகிறது.

அப்புறம் ஒப்பீடு. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ‘பருவ மாற்றம்’ என்ற பரிந்துரை வானிலை அறிக்கை போலவோ பதின்வயதுப் பாடம் போலவோ இருக்கிறது. ‘வலுப்பெயர்ச்சி’ என்று ஒருவர் போட்டிருந்தார். படித்ததும் சிரித்தேன். இடமாற்றச் சாளரம் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) மூடிய மறுநாள் ‘வலுப்பெயர்ச்சி பலன்கள்: நன்மை பெறும் ஆறு கழகங்கள், பரிகாரம் தேவைப்படும் நான்கு’ என்று கட்டுரை வந்தால் நானே முதல் ஆளாகப் படிப்பேன். ஆனால் கலைச்சொல் பட்டியலில் வேண்டாம். ‘வலுமாற்றம்’ போதும். சீசன் சீசனாகவே இருக்கட்டும். அது தமிழில் ஊறிப்போன சொல், இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் கால் வைத்திருப்பதை ‘ஆண்டு’ என்று சொல்லவும் முடியாது.

எந்த நாளின் குழாம் என்று சொல்லாமல் வலுமாற்றம் பேச முடியாது என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். லிவர்பூல் 2017-18 சீசனின் நடுவில், 2018 ஜனவரியில், தடுப்பாட்டக்காரர் வான் டைக்கை வாங்கியது. அதே மாதம் கோட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றது. அந்த சீசனுக்கு ஒரே குழாம் என்று எப்படிச் சொல்வது? ஆகஸ்டுக் குழாமை ஆகஸ்டோடும் பிப்ரவரிக் குழாமை பிப்ரவரியோடும் ஒப்பிடுவதுதான் நியாயம்.

> காயம் பட்டவர்களைக் கணக்கில் எடுப்பதா, விடுவதா?

இந்தக் கேள்வியை இழையில் யாரும் சரியாகப் பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. லிவர்பூல் 2019-20இல் 99 புள்ளிகளோடு பட்டம் வென்றது. அந்த லீக் சீசனில் வான் டைக் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. கணக்குப் போடுங்கள்: 38 ஆட்டம், ஆட்டத்துக்கு 90 நிமிடம், ஒருவருக்கு 3,420. பதினொரு இடங்களுக்கும் சேர்த்துக் கழகத்துக்கு 37,620 நிமிடங்கள். சென்ற சீசனில் ஆடிய நிமிடங்களில் எத்தனை பங்கு இந்த சீசனிலும் குழாத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எளிய, நல்ல அளவுகோல். ‘நீடித்த நிமிடங்கள்’ என்று சொல்லலாம். அதன்படி வான் டைக் ஒருவரே பதினொன்றில் ஒரு பங்கு. 2020 கோடையில் அவர் இருந்தார், பட்டம் வென்ற பெரும்பாலோரும் இருந்தார்கள், கூடவே தியாகோவும் ஜோட்டாவும் வந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் வலு கூடித்தான் இருந்தது.

ஐந்தாவது லீக் ஆட்டம், எவர்ட்டனோடு. வான் டைக்கின் முழங்கால் போனது, சீசன் முடிந்தது. நவம்பரில் கோமஸ், ஜனவரியில் மாட்டிப் என்று மற்ற நடுத் தடுப்பாட்டக்காரர்களும் காயத்தில் போனார்கள். நடுக்கள ஆட்டக்காரர்களான ஃபபின்யோவும் ஹெண்டர்சனும் நடுத் தடுப்பில் நின்றார்கள். முன்னே பந்தைப் பறித்துக் கொடுப்பவர் பின்னே போய்விட்டால் முன்னேயும் ஓட்டை விழும், ஒரு காயம் இரண்டு இடத்தைக் கெடுக்கும். 69 புள்ளிகள், மூன்றாம் இடம். வான் டைக் திரும்பிய 2021-22இல் 92.

இப்போது, 2020-21இன் குழாம் வலு கூடியதா குறைந்ததா? இரண்டும் சரி என்பதால் ஒரு சொல் போதாது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்கிறோமே, அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். பதிவான பட்டியலின் வலு ‘ஏட்டுவலு’. காயம், தடை எல்லாம் போக, ஒரு நாளில் இறங்கத் தயாராக இருப்பவர்களின் வலு ‘களவலு’. சீசனுக்கு சீசன் ஒப்பிடும்போது ஏட்டை ஏட்டோடு ஒப்பிட வேண்டும், களத்தைக் களத்தோடு. சென்ற வருடக் களவலுவையும் இந்த வருட ஏட்டுவலுவையும் பக்கத்தில் வைத்துவிட்டு ‘அபார முன்னேற்றம்’ என்று எழுதுவதுதான் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கிற கூத்து.

> எல்லாரின் சந்தை மதிப்பையும் கூட்டினால் வலு வந்துவிடுமே?

வராது. 2017 ஆகஸ்டில் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் கழகத்துக்குப் போனார். அதற்குப் பிறகு சந்தையில் எல்லா விலையும் மேலே ஏறியது. 2016 குழாத்தையும் 2018 குழாத்தையும் விலையில் ஒப்பிட்டால் அளப்பது பெரும்பாலும் விலைவாசியைத்தான். தவிர, விலை என்பது ஒருவரின் எதிர்காலத்துக்குக் கொடுப்பது. 33 வயதுத் தடுப்பாட்டக்காரர் இந்த சீசனுக்குத் தூணாக இருப்பார், சந்தையில் ஒன்றும் பெறமாட்டார்.

வயதைப் பற்றி ஒரு வரி: அதே 25 பேரை வைத்திருந்தாலும் வலு அதே அளவில் நிற்காது. 20 வயதுக்காரருக்கு ஒரு வருடம் கூடினால் லாபம், 34 வயதுக்காரருக்கு நட்டம்.

அன்புடன்.

– – –

மறுமொழி:

வணக்கம். குழாமை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி, எங்கட பக்கச் சொல் ஒன்று கடல் தாண்டுவது சந்தோசம்தான். ‘வலு’வில் ஒரு சின்ன நெருடல். இலங்கைப் பௌதிகப் பாடப்புத்தகத்தில் அது ‘power’ என்பதற்குப் போய்விட்டது. மின்வலு என்று அமைச்சுக்கே பெயர் இருந்தது. பேச்சில் ‘வலு கெதியா ஓடுறான்’ என்றால் மிக வேகமாக என்று பொருள். ஆனால் ‘மனிதவலு’ என்று தொழில் துறையில் புழங்குவதால், ஆட்களின் கூட்டுப் பலம் என்ற பொருளும் ஏற்கெனவே உண்டு. எனவே எதிர்க்கவில்லை.

இன்னொன்று, புணர்ச்சி. மரம் + வேர் = மரவேர் என்பதுபோல் ‘குழாவலு’ என்றுதானே வர வேண்டும்?

லெஸ்டர் கழகத்தை ஏன் விட்டீர்கள்? 2015-16இல் 81 புள்ளிகளோடு பட்டம். அந்த வழக்கமான பதினொருவரில் கோடையில் போனவர் நடுக்கள ஆட்டக்காரர் கான்டே மட்டும். அடுத்த சீசனில் 44 புள்ளி, 12ஆம் இடம். நீங்கள் சொல்லும் ‘நீடித்த நிமிடங்கள்’ அளவுகோல் அங்கே வலு அதிகம் குறையவில்லை என்றல்லவா சொல்லும்?

– – –

மறுமொழி:

நல்ல கேள்வி. அந்த அளவுகோல் எத்தனை நிமிடம் போனது என்று சொல்லுமே தவிர யாருடைய நிமிடம் என்று சொல்லாது. கான்டே செய்த வேலையை லெஸ்டரில் வேறு யாரும் செய்யவில்லை. அவர் போய்ச் சேர்ந்த செல்சி அந்த சீசனே பட்டம் வென்றது. அதனால் நிமிடத்தோடு இடத்தையும் பார்க்க வேண்டும்: போனவரின் இடத்தில் ஆடக்கூடிய அடுத்தவர் யார், இருவருக்கும் எவ்வளவு தூரம்? துணைவலு கணக்குக்குள் வருவது இங்கேதான். ஆனாலும் 37 புள்ளிச் சரிவு முழுவதையும் ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். முந்தைய சீசனில் அதிகம் காயம்படாமல் அதே ஆட்களே வாரம்தோறும் ஆடினார்கள், அடுத்த சீசனில் ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களும் கூடவே வந்தன. ஏட்டுவலு கொஞ்சம் குறைந்தது, களவலு நிறையக் குறைந்தது என்று எழுதினால் இரண்டு சொல்லுக்கும் வேலை கிடைக்கிறது.

புணர்ச்சிக்கு: இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘குழாவலு’ என்று பார்க்கிறவருக்குக் குழாம் கண்ணில் படாது, குழாய் என்று வாசித்தாலும் வாசிப்பார். இடம் விட்டு ‘குழாம் வலு’ என்றே எழுதுவோம்.

பட்டியலில் ஏற்ற வேண்டியவை: குழாம், குழாம் வலு, ஏட்டுவலு, களவலு, துணைவலு, நீடித்த நிமிடங்கள், வலுமாற்றம். எதிர்ப்பு இருந்தால் வார இறுதிக்குள் சொல்லுங்கள்.

இரவல் ஆட்டக்காரரை யார் குழாத்தில் எண்ணுவது என்பது பாக்கி. 2019-20இல் கோட்டின்யோ பார்சிலோனாவின் சொத்து, ஆனால் ஜெர்மானியக் கழகமான பாயர்னுக்கு இரவல் போயிருந்தார். 2020 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பாயர்ன் 8-2 என்று பார்சிலோனாவை வென்றபோது கடைசி இரண்டு கோல்களை அடித்தவர் அவர்தான். ஆடுகிற இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. வாங்கிக்கொள்ளும் விருப்பத்தோடு வரும் இரவலுக்குத் தனிச் சொல் வேண்டுமா என்பதையும் சேர்த்து வேறு இழையில் பேசுவோம்.