1 யோவான் 5:7: எங்கள் வேதாகமத்தில் இருக்கிற வசனம் திருவிவிலியத்தில் ஏன் இல்லை?

சண்டேஸ்கூல்_அக்கா:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரித்துவம் பாடம். மனப்பாட வசனமாக இதைக் கொடுத்திருந்தேன்: “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.” ஒரு பையன் எழுந்து, “அக்கா, எங்கம்மா ஆர்.சி. அவங்க பைபிள்ல இது இல்லையே” என்றான். வாங்கிப் பார்த்தேன். ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான் சாட்சி சொல்கின்றன. பிதாவும் வார்த்தையும் அங்கே இல்லை.

இந்த வசனத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பா. அப்போது எனக்கு ஆறு வயது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் மூன்று விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொல்லிவிட்டு, கடைசியில் மூன்றையும் சேர்த்துத் தன் கைக்குள் பொத்திக்கொள்வார். இன்றைக்கும் எனக்குத் திரித்துவம் என்றால் அந்தக் கைதான். சபையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “கத்தோலிக்கர் எடுத்துப்போட்டாங்க” என்றார். அது நிஜமா? வருகிற ஞாயிறு அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழைய_கிரேக்க_வாத்தியார்:
அம்மா, இறையியல் மாணவர்களுக்குப் பல வருஷம் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் எடுத்தவன். யாரும் எடுக்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்த வாக்கியம் அது.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்கிற கிரேக்க வேதாகமக் கையெழுத்துச் சுவடிகளிலும், ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியச் சுவடியிலும் இது இல்லை. கிரேக்கப் படிகளில் மிகச் சிலவற்றில் மட்டும் உண்டு, அவையும் பிற்காலத்தவை. சிலவற்றில் வேறொரு கை ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறது.

1516-இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இந்த வாக்கியம் இல்லை. 1519 பதிப்பிலும் இல்லை. லத்தீன் வேதாகமத்தில் இருப்பதை விட்டுவிட்டார் என்று பெரிய சண்டை. பிறகு ஒரு கிரேக்கப் படி அவருக்குக் காட்டப்பட்டது. இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, அறிஞர்களின் கிரேக்கப் படிப் பட்டியலில் எண் 61. அது பதினாறாம் நூற்றாண்டுப் படி. அதைக் கொண்டு 1522 பதிப்பில் சேர்த்தார். “ஒரு படியைக் காட்டுங்கள், சேர்க்கிறேன்” என்று அவர் வாக்குக் கொடுத்ததாகச் சொல்லும் கதைக்கு ஆதாரம் இல்லை என்று டி யோங் என்ற டச்சு அறிஞர் 1980-இல் காட்டினார். நானும் அந்தக் கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். பிறகு திருத்திக்கொண்டேன்.

வகுப்பில் நான் நின்று விளக்குகிற இடம் ஒன்று உண்டு. யோவான் எழுதுகிற கிரேக்கத்தில் பிதா, வார்த்தை, ஆவி என்கிற சொற்களுக்கு முன்னே ஆங்கிலத்து ‘the’ போன்ற ஒரு சிறு சொல் வர வேண்டும். லத்தீனில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அந்த டப்ளின் படியில் மூன்று பெயருக்கும் முன்னால் அது இல்லை! லத்தீனைப் பார்த்துக் கிரேக்கத்தில் எழுதியவர் விட்ட தடயம் அது.

1522 பதிப்பின் வழியில் வந்த கிரேக்க அச்சுகளிலிருந்து 1611 ஆங்கில வேதாகமத்துக்கும், பிறகு 1871-இல் வந்த நம் தமிழ் வேதாகமத்துக்கும் இந்த வாக்கியம் வந்தது. லூத்தர் 1519 பதிப்பைப் பயன்படுத்தினார். அவர் உயிரோடிருந்தவரை அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இது கிடையாது.

மாதாகோவில்_தெரு:
“எடுத்துப்போட்டாங்க” என்ற சொல் எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, அக்கா. இந்த வரியை அதிக காலம் வைத்திருந்ததே நாங்கள்தான். 1592 லத்தீன் வேதாகமத்தில் இருந்தது. 1897-இல்கூட இதன் உண்மையைச் சந்தேகிப்பது பாதுகாப்பல்ல என்று ரோமிலிருந்து தீர்ப்பு வந்தது. 1927-இல்தான் ஆராய்வதற்கு வழிவிட்டார்கள். 1979-இல் வந்த புதிய லத்தீன் பதிப்பில் இந்த வரி இல்லை. எங்கள் திருவிவிலியம் 1995-இல் வந்தது.

சத்தியம்_காப்போம்:
எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் அட்டைதான் மிஞ்சும். சீனாய்ச் சுவடிக்கு நூறு வருஷம் முன்பே கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியைப்பற்றி “இம்மூவரும் ஒன்று” என்று எழுதியிருக்கிறது என்கிறாரே? அதற்கு என்ன பதில்?

பழைய_கிரேக்க_வாத்தியார்:
நல்ல கேள்வி, தம்பி. சிப்ரியான் சொன்னது உண்மை. ஆனால் எட்டாம் வசனத்திலும் “இம்மூன்றும் ஒன்று” என்கிற சொற்கள் உண்டு. ஆவி, நீர், இரத்தத்தைத் திரித்துவத்துக்கு அடையாளமாக வாசிக்கும் வழக்கம் அந்த ஆப்பிரிக்க லத்தீன் சபையில் இருந்தது. அகஸ்தீனும் அப்படித்தான் விளக்குகிறார். அந்த விளக்கத்தை யாரோ ஓரக்குறிப்பாக எழுதிவைக்க, பின்னால் படியெடுத்தவர் உள்ளே சேர்த்திருக்கலாம் என்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. முழு வாக்கியமாக முதலில் தெளிவாகக் கிடைப்பது நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினில், பிரிஸ்கில்லியன் என்ற பேராயரின் வட்டத்தில்.

குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்று போதித்த ஆரியுஸோடு அத்தனை வருஷம் போராடிய அலெக்சாந்திரியப் பேராயர் அத்தனாசியுஸ் இதை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பாரா? 325 நிசேயா, 381 கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபைச் சங்கங்களும் இந்த வரி இல்லாமலே திரித்துவ விசுவாசத்தை அறிக்கையிட்டன. மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 இருக்கின்றன. அவற்றை யாரும் கழிக்கவில்லை.

சண்டேஸ்கூல்_அக்கா:
இரண்டு பேருக்கும் நன்றி ஐயா. மாதாகோவில் தெரு தம்பியிடம் மன்னிப்பும் கேட்கிறேன். அந்தப் பெரியவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

இன்று வகுப்பில் இரண்டு வேதாகமத்தையும் மேசையில் விரித்துவைத்தேன். மனப்பாட வசனத்தை மத்தேயு 28:19 என்று மாற்றினேன். அந்தப் பையனை முன்னால் கூப்பிட்டு, அப்பா செய்த மாதிரியே அவன் மூன்று விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. முடிந்ததும் அவன் அடுத்ததாக மாற்கு 16 கடைசிப் பகுதியைப்பற்றிக் கேட்டான். ஐயா, அதற்கு வேறு திரி தொடங்கட்டுமா?