மறுமொழி: ‘சேஃப் ஸ்டாண்டிங்’ – ‘நிற்கை’ என்று சொல்லலாமா?

மதுரை ஐயா எழுதியது:
> ‘பாதுகாப்பான நிற்றல்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு சொல்லுக்கு இத்தனை மடலா?

ஐயா, வணக்கம். ‘சேஃப் ஸ்டாண்டிங்’ என்பது கால்பந்து அரங்கில் ரசிகர்கள் நின்றபடியே ஆட்டம் பார்க்கும் புதிய ஏற்பாடு; நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயரைத் தேடுகிறோம். நீங்கள் சொன்னபடி எழுதினால் பொருளில் பிழை இல்லை. ஆனாலும் கால்பந்து பார்க்காத என் அக்காவிடம் அந்தத் தொடரை மட்டும் சொல்லிப் பார்த்தேன். “இடுப்புவலிக்காரர்களுக்கு மருத்துவர் சொல்வதா?” என்று கேட்டார். நிற்றல் ஒரு செயல். அதை எண்ண முடியாது. இங்கிலாந்தில் 2022இல் திரும்பி வந்திருப்பதோ முழுக்க முழுக்க எண்ணிக்கையின் மேல் நிற்கும் ஏற்பாடு. ஒரு டிக்கெட், ஓர் ஆள், அவருக்கென்று எண் போட்ட ஓர் இடம். அந்த எண்ணிக்கை சொல்லுக்குள்ளேயே வந்துவிட வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். ஏன் என்று சொல்ல 1989க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் ஆட்டம். லிவர்பூல் ரசிகர்களுக்கு லெப்பிங்ஸ் லேன் பக்கத்தை ஒதுக்கியிருந்தார்கள். நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய பத்தாயிரத்துச் சொச்சம் பேரும் ஏழே ஏழு சுழல்வாயில்கள் வழியாக உள்ளே போகவேண்டும். வெளியே கூட்டம் திணறியது. 2.52 மணிக்குப் போலீஸ் உத்தரவின்பேரில் ‘சி’ வாயிலைத் திறந்தார்கள். உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகள் இரண்டில் கொண்டுபோய் விட்டது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. எந்த அடைப்பில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு வழியே இல்லை. சுழல்வாயில்கள் மொத்தக் கணக்கை மட்டுமே சொல்லும். முன்னால் கம்பிவேலி, இரு பக்கமும் கம்பிவேலி. மூன்றாம் அடைப்பில் ஒரு தடுப்புக்கம்பி முறிந்தது. ஆட்டம் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. இறந்தவர்கள் 97 பேர். கடைசியாக இறந்தவர் அன்று பட்ட காயத்தோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் கண்மூடினார்.

ஆகவே ‘வேலி’, ‘அடைப்பு’, ‘கூண்டு’ ஆகிய மூன்றும் நம் கலைச்சொல்லின் பக்கத்தில்கூட வரக்கூடாது என்பது என் முதல் வேண்டுகோள். ‘காப்புவேலி நிற்பிடம்’ என்று முன்மொழிந்த நண்பர் மன்னிக்க வேண்டும். லிவர்பூலில் ஒரு தாயிடம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தால் நான் என்ன சொல்வேன்?

இடையில், இந்த விபத்தைப் பற்றி நாம் திருத்திவரும் கட்டுரை குறித்து வேறொரு கேள்வி வந்திருந்தது:
> அந்தக் கட்டுரையில் ‘மிதிபட்டு இறந்தனர்’ என்று இருக்கிறது. சரிதானே?

சரியில்லை. நெஞ்சுக்கூடு விரிவதற்கு இடமில்லாமல், பலர் நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறந்தார்கள். ‘நெரி’ என்ற வினை நம்மிடம் இருக்கிறது. கழுத்தை நெரித்தான் என்கிறோம். அழுத்தமும் மூச்சடைப்பும் ஒரே வேரில் கிடக்கின்றன. இவ்வளவு துல்லியமாக இதைச் சொல்லும் சொல் ஆங்கிலத்தில்கூட எனக்குத் தென்படவில்லை. ஆனால் தீபாவளிக் கடைத்தெருவுக்கும் காலை நேரப் பேருந்துக்கும் சொல்லிச் சொல்லி ‘நெரிசல்’ தேய்ந்து, வெறும் கூட்டம் என்றாகிவிட்டது. வினையாக எழுதினால் கூர்மை திரும்பிவிடும்: ‘நெரிபட்டு இறந்தனர்’. கட்டுரையில் அப்படியே திருத்திவிடுங்கள்.

இனி, பழைய முறைக்கும் புதிய முறைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். இரண்டையும் ‘நிற்பிடம்’ என்று ஒரே சொல்லில் போட்டால் ஹில்ஸ்பரோவையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வாசகர் நினைப்பார். ஆங்கிலத்தில் ‘டெரஸ்’ என்று சொன்ன பழைய அமைப்பு வெறும் சிமென்ட் படிகள், இடையிடையே தடுப்புக்கம்பிகள். எண் கிடையாது, இடம் கிடையாது. கோல் விழுந்தால் கூட்டம் பத்துப் படி கீழே சரிந்து மீண்டும் மேலே ஏறும். நம் ஊர் மைதானங்களில் ‘கேலரி’ என்கிறோமே, அந்தப் படிவரிசைதான். அங்கே உட்காருகிறோம், அவர்கள் நின்றார்கள். ‘நிற்படி’ என்று முதலில் எழுதியிருந்தேன். சேலத்துப் புலவர் ஐயா திருத்தினார்: வினைத்தொகையில் வல்லெழுத்து வந்தாலும் ஈறு திரியாது, கொல்களிறு, வெல்படை போல ‘நில்படி’ என்றே வரும் என்றார். ஏற்றுக்கொண்டேன். ‘நில்படி’ சொல்வதற்கும் நன்றாக இருக்கிறது.

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தந்த இறுதி அறிக்கைதான் நில்படிகளுக்கு முடிவு கட்டியது. நிற்பது தன்னளவில் ஆபத்தானது என்று அவரும் சொல்லவில்லை. விபத்துக்கு முதன்மையான காரணம் போலீஸ் கட்டுப்பாடு தவறியதே என்று முந்தைய ஆண்டின் இடைக்கால அறிக்கையிலேயே எழுதிவிட்டார். ஆனாலும் எல்லோருக்கும் இருக்கை என்பதே நல்ல வழி என்று பரிந்துரைத்தார். 1994 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் இரண்டு பிரிவுகளிலும் அது நடைமுறைக்கு வந்தது. லிவர்பூல் அரங்கில் ‘காப்’ எனப்படும் நில்படிப் பக்கத்தில் ரசிகர்கள் கடைசியாக நின்று பார்த்தது அதே ஆண்டு ஏப்ரல் 30இல், நாரிச்சுக்கு எதிரான ஆட்டத்தை.

இருக்கை போட்டதும் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். 2018இல் லண்டனில் தம்பி மகன் அழைத்துப் போனான். கோலுக்குப் பின்புறம் எங்கள் வரிசை முழுவதும் தொண்ணூறு நிமிடமும் நின்றது, நானும் நின்றேன். முன்வரிசை இருக்கையின் முதுகு என் முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது, அவ்வளவுதான். கோல் விழுந்ததும் பின்னாலிருந்து ஓர் அலை வந்தது. பிளாஸ்டிக் விளிம்பில் முழங்கால் இடிக்க, நான் முன்னிருந்தவர் முதுகில் விழுந்தேன். அவர் அவருக்கு முன்னால் இருந்தவர் மேல் விழுந்தார். யாருக்கும் பெரிய அடி இல்லை. காலில் பட்ட நீலத்தழும்பு ஊருக்குத் திரும்பும் வரை இருந்தது. ஒருவர் விழ, அடுத்தவர் விழ, வரிசை வரிசையாகச் சாய்வதற்குப் பாதுகாப்புத் துறையில் தனிப் பெயர் உண்டு. தமிழில் ‘தொடர்சரிவு’ என்று வைக்கலாம். இதைத் தடுக்கத்தான் புதிய முறையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கம்பி வைக்கிறார்கள்.

அந்தக் கம்பி ஜெர்மனியில் வெகுநாளாக இருக்கிறது. டார்ட்மண்ட் அரங்கின் தெற்குப் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நிற்பார்கள். ஐரோப்பியப் போட்டிகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி இருந்ததால், அந்த நாட்களில் 81,000 பேர் கொள்ளும் அரங்கு 66,000 அளவுக்குச் சுருங்கிவிடும். ஸ்காட்லாந்துக்கு இங்கிலாந்தின் சட்டம் பொருந்தாது; அதனால் கிளாஸ்கோவின் செல்டிக் 2016லேயே இந்தக் கம்பி வைத்த இருக்கைகளைப் பொருத்தியது. இங்கிலாந்தில் 2018இல் முதலில் வைத்தது சிறிய கிளப்பான ஷ்ரூஸ்பரி டவுன். அந்தச் செலவில் ரசிகர்கள் திரட்டிய பணமும் சேர்ந்தது. 2022 ஜனவரியில் செல்சி, இரண்டு மான்செஸ்டர் கிளப்புகள், டாட்டன்ஹாம், கார்டிஃப் ஆகிய ஐந்து அரங்குகளில் அரசு சோதனை நடத்தியது. முதல் ஆட்டம் 2ஆம் தேதி, செல்சிக்கும் லிவர்பூலுக்கும். அடுத்த பருவத்திலிருந்து, நிபந்தனைகளை நிறைவேற்றும் எந்த அரங்குக்கும் அனுமதி உண்டு.

கருவியின் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ரெயில் சீட்’. இதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன், ‘தண்டவாள இருக்கை’ என்று வந்தது. இன்னொருவர் ‘ரயில் இருக்கை’ என்றே எழுதி அச்சேற்றியும் இருக்கிறார். ‘அணைகம்பி’ என்ற முன்மொழிவு எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளத்தைத் தடுக்கும் அணை, தலையணையில் வரும் அணை இரண்டும் அதில் கேட்கின்றன. ஆனால் விளக்கை அணைப்பதும் சேர்ந்தே கேட்கிறது. 2023இல் மறுபடி போனபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொருவர் முன்னாலும் இடுப்பளவில் ஒரு கம்பி. முன்வரிசை இருக்கைகள் அந்தக் கம்பிச் சட்டத்துக்குள்ளேயே மடிந்து நின்றன. குளிரில் கம்பியைத் தொட முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் கழுத்துத்துண்டைச் சுற்றிவிட்டு அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். கோல் விழுந்தது. எல்லோரும் குதித்தார்கள். யாரும் யார்மேலும் விழவில்லை. பார்த்த மாத்திரத்தில் என் வாயில் வந்த பெயர் ‘இடுப்புக்கம்பி’. ‘இடுப்புக்கம்பி இருக்கை’ என்றே வைத்துவிடுவோம். படம் இல்லாமலே புரிகிறது.

அந்த இடத்தின் பெயருக்கு என் முன்மொழிவு ‘நிற்கை’. இரு – இருக்கை, படு – படுக்கை, நில் – நிற்கை. நூறு படுக்கை மருத்துவமனை என்கிறோம், ஐம்பது இருக்கைப் பேருந்து என்கிறோம். அதே நடையில் ‘ஆயிரம் நிற்கைப் பகுதி’. எண்ணலாம், எண் போடலாம், டிக்கெட்டில் அச்சடிக்கலாம். ‘நிற்கை செயற்கையாக ஒலிக்கிறது’ என்றவர்களுக்கு யாழ்ப்பாணத்து அண்ணனே பதில் எழுதிவிட்டார்: கல் என்பதிலிருந்து கற்கை, இலங்கையில் பல்கலைக்கழகப் படிப்பைக் ‘கற்கைநெறி’ என்றுதான் நாள்தோறும் சொல்கிறார்கள். அவர்கள் காதுக்கு நிற்கை புதிதே இல்லை. (அண்ணா, ‘கால்பந்து’ என்ற இடத்தில் ‘உதைபந்தாட்டம்’ என்பதையும் சேர்த்தே பதிவிடுகிறேன்.)

கோவை அம்மா கேட்டது:
> இங்கிலாந்து விதிப்படி அந்த இருக்கையைப் பூட்டக்கூடாது, விரும்பினால் உட்காரலாம். அப்படியானால் அது இருக்கைதானே? ‘இருநிலை இருக்கை’ என்றால் என்ன?

கடினமான கேள்வி அம்மா, ஒரு நாள் முழுதும் யோசித்தேன். ‘இருநிலை’யில் உள்ள ‘இரு’ இரண்டா, உட்காருவதா என்று குழம்பும். பொருளைப் பிரித்துக்கொண்டால் சிக்கல் தீர்கிறது. பொருத்தப்பட்ட கருவி இருக்கைதான், இடுப்புக்கம்பி இருக்கை. அதில் நிற்க ஒருவருக்குக் கிடைக்கும் இடமும் உரிமையும் நிற்கை. நகரப் பேருந்தில் அமர்வோர் எத்தனை, நிற்போர் எத்தனை என்று எழுதியிருப்பது நிற்கும் உரிமையைத்தானே.

பெயரில் ‘பாதுகாப்பு’ எங்கே என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றே விட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களில் சிலரால், நிற்பதற்கு முன்னால் அந்த அடைமொழியைக் கடைசிவரை ஏற்க முடியவில்லை. இயக்கம் நடத்திய ரசிகர்களுக்கு அது தேவைப்பட்டது, அது முழக்கம். அரசு வைத்த பெயரிலும் அது இல்லை. ‘உரிமம் பெற்ற’ என்றுதான் இருக்கிறது. நாமும் ‘உரிம நிற்கை’ என்போம். முழக்கத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் மதுரை ஐயாவின் ‘பாதுகாப்பான நிற்றல்’ மேற்கோள் குறிக்குள் அப்படியே இருக்கட்டும்.

ஞாயிறு இரவு வரை மறுப்பு வராவிட்டால் நில்படி, நிற்கை, உரிம நிற்கை, இடுப்புக்கம்பி இருக்கை, தொடர்சரிவு ஆகிய ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கட்டுரையைத் திருத்துபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரண்டாம் பத்தியில் இறந்தவர்கள் 96 என்று இருக்கிறது. 2016 விசாரணைத் தீர்ப்பைப் பற்றிய வரியில் அந்த எண் சரி, அன்றைய கணக்கு அதுதான். மற்ற இடங்களில் 97 என்று மாற்றுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து