ஹோல்ஸ்டின் ‘பெனி மோரா’: ஒரே துணுக்கு 163 முறை. மேதைமையா, சோம்பலா?

நடுநிசி ரேடியோ:
ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்றதும் எல்லோருக்கும் ‘தி பிளானட்ஸ்’தான் நினைவுக்கு வரும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1909-10இல், அவர் எழுதிய ‘பெனி மோரா’ என்ற இசைக்குழுப் படைப்பை யாரும் தொடுவதில்லை. மூன்று பகுதிகள், மொத்தம் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கடைசிப் பகுதியில் புல்லாங்குழலின் தாழ்ந்த குரலில் ஒரு சின்னத் துணுக்கு வருகிறது. பகுதி முடியும்வரை அது நிற்பதில்லை. மொத்தம் 163 முறை என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ‘தி பிளானட்ஸ்’இல் வரும் ‘ஜூப்பிட்டர்’ பகுதியைவிடத் துணிச்சலான எழுத்து இது.

வறட்டுத்தவளை:
163 முறை ஒன்றையே எழுதுவதற்குத் துணிச்சல் எதற்கு? பேனாவில் மை இருந்தால் போதும். முதல் பகுதியைக் கேளுங்கள். கிழக்கைக் காட்ட மேற்கத்தியர் வழக்கமாக எடுத்துவைக்கும் நெளிவு, குலுக்கல் எல்லாம் வரிசையாக வருகின்றன. தலைப்பே ராபர்ட் ஹிச்சன்ஸின் நாவலில் வரும் கற்பனை அல்ஜீரிய ஊரின் பெயர். விடுமுறைக்குப் போனவர் வாங்கி வந்த நினைவுப்பொருள், அவ்வளவுதான்.

நடுநிசி ரேடியோ:
விடுமுறைதான், மறுக்கவில்லை. ஆனால் சொகுசுப் பயணமல்ல. பல ஆண்டு உழைத்து எழுதிய ‘சீதா’ ஓபரா போட்டியில் தோற்றது, ஆஸ்துமா வேறு. அந்த நிலையில்தான் 1908இல் அல்ஜீரியா போனார். பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டினார். அங்கே தெருவில் ஒருவர் ஒரே குழல் வரியை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாசித்ததைக் கேட்டார். வேறு யாராவது என்றால் அந்த வரியை வயலின்களிடம் கொடுத்து, ஹார்ப் தெளித்து, இனிப்பாக்கியிருப்பார்கள். ஹோல்ஸ்ட் அதில் கை வைக்கவில்லை. கேட்டபடியே விட்டுவிட்டு, அதன் மேல் வேறு மெட்டுகளை நடக்கவிட்டார். சில மெட்டுகள் குழலோடு ஒத்தே போவதில்லை, உரசிக்கொண்டே போகின்றன. தெருவில் நின்றால் அப்படித்தானே கேட்கும்?

கல்வெட்டு:
தெரு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கடைசிப் பகுதிக்கு ‘உலெட் நாயில்களின் தெருவில்’ என்று பெயர். அல்ஜீரியாவின் பிஸ்க்ரா ஊரில் அந்தக் குலத்து நடனப் பெண்கள் இருந்த தெரு. பிரெஞ்சு ஆட்சியில் ஐரோப்பியப் பயணிகளுக்கு அது ஒரு காட்சிப்பொருள். அங்கே ஆடியவர்களுக்கு இந்த இசையில் முகமே இல்லை. சமஸ்கிருதம் கற்று ரிக்வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்த மனிதர் இவர். அந்த அக்கறையில் கால் பங்காவது அல்ஜீரிய இசைமேல் காட்டினாரா?

நடுநிசி ரேடியோ:
நியாயமான கேள்வி. காட்டவில்லை. முதல் பகுதிக்காக நான் வழக்காட வரவில்லை.

வறட்டுத்தவளை:
அப்படி வாருங்கள் வழிக்கு. 1912இல் லண்டன் குயின்ஸ் ஹாலில் அவரே நடத்தியபோது சிலர் சீறி எதிர்ப்புக் காட்டினார்கள். பிஸ்க்ரா நடனப் பெண்களை, அந்த அரங்கம் இருந்த லங்கம் பிளேஸுக்கு யார் அழைத்தது என்கிற தொனியில் ஒரு விமர்சகர் எழுதினார்.

நடுநிசி ரேடியோ:
அந்த விமர்சகரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்களே, அவர் கவலை அல்ஜீரியர்களைப் பற்றியதா? கல்வெட்டின் குறையும் அவருடைய குறையும் ஒன்றல்ல. இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸோ, இதை லண்டனுக்குப் பதில் பாரிஸில் வாசித்திருந்தால் ஹோல்ஸ்டுக்கு ஐரோப்பா முழுக்கப் பெயர் கிடைத்திருக்கும் என்றார்.

வறட்டுத்தவளை:
வான் வில்லியம்ஸ் அவருடைய ஆயுட்கால நண்பர். நண்பர் கொடுக்கும் நற்சான்றிதழை நான் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

ஏழாம்சுரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதில் சிக்கல் என்றால், பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் ‘பொலேரோ’வை (1928) ஏன் உலகமே கொண்டாடுகிறது? அங்கே மெட்டு ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறுகிறது, சத்தமும் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்து என்ன என்று காது காத்திருக்கிறது. ஹோல்ஸ்ட் அந்த வசதியைக் கேட்பவனுக்குத் தரவில்லை. துணுக்கு அப்படியே இருக்கிறது, சுற்றியிருப்பவைதான் வருகின்றன, போகின்றன. ஆற்றில் நட்ட கம்பு மாதிரி.

வறட்டுத்தவளை:
உவமை நன்றாக இருக்கிறது. இசையும் அப்படி இருக்கிறதா என்று இன்றிரவு மூன்றாம் பகுதியை மட்டும் கேட்கிறேன். கையில் தாளும் பென்சிலும் வைத்து ஒவ்வொரு முறைக்கும் கோடு போடப்போகிறேன். 163 வரவில்லை என்றால் நாளை உங்களை விடமாட்டேன்.

வறட்டுத்தவளை (மறுநாள்):
கேட்டேன். தாளில் 58 கோடுகள் இருக்கின்றன. பெரிய சத்தமாகக் கூட்டம் நெருங்கி வரும் இடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். குழல் போய்விட்டது என்று நினைத்தேன், கூட்டம் விலகியதும் பார்த்தால் அங்கேயேதான் இருக்கிறது. முதல் பகுதி குப்பைதான், அதில் மாற்றமில்லை. 58க்குப் பிறகு எங்கே தொடங்குவது என்று யாராவது நிமிடக் கணக்கு சொல்லுங்கள்.